ஊராட்சி உறுப்பினருக்கு நான்கு பாடங்கள்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையிலே பனவடலிசத்திரம் என்னும் ஊர் உளது. அவ்வூரின் பெயரிலே இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று வடலி, அதாவது இளம் பனை. மற்றொன்று சத்திரம், அதாவது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் அறநிலையம். வடலியை இன்று காப்பவன் பயனை நாளை காண்பான். சத்திரத்திலோ அரிசி எவ்வளவு வந்தது, விறகு எவ்வளவு செலவாயிற்று என்று நாள்தோறும் ஒருவர் பார்த்து எழுதாவிட்டால், அறம் சில நாட்களில் நின்றுபோகும். வருங்காலத்தை எண்ணிச் செயலாற்றுவதும், பொதுப் பொருளுக்குக் கணக்கு வைப்பதும் ஓர் ஊரின் வாழ்வுக்கு இரு கண்கள் என்பதை இப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது.

அருகிலுள்ள மேலநீலிதநல்லூரில் கல்லூரி ஒன்று உளது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் பிள்ளைகள் கல்லூரிகளிலே நிருவாகவியல், நிதியியல், அரசியல் என்னும் பாடங்களைப் பயில்கின்றனர். எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கின்றனர். அவர்களுடைய தந்தையரும் அன்னையரும் ஊராட்சி மன்றத்திலே அமர்ந்து இதே பாடங்களை நடைமுறையிலே கையாள வேண்டியிருக்கிறது. பிள்ளை தேர்வில் தவறினால் மறுமுறை எழுதலாம். ஊராட்சி தவறினால் குடிநீர்க் குழாய் வறண்டுபோகும்; வர வேண்டிய மானியம் வராமற்போகும். ஆதலின் இந்நான்கு பாடங்களின் முதற்படியை உழவர்க்கும் உறுப்பினர்க்கும் விளங்குமாறு இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதற் பாடம்: நிதி

நிதி என்றவுடன் பலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. வள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்திலே அரசுக்குரிய நிதிப் பணிகளை நான்காக வகுத்துள்ளார். பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வருவதைத் திரட்டுதல், திரட்டியதைப் பாதுகாத்தல், பாதுகாத்ததை முறையாகப் பங்கிடுதல் என்பன அவை. இன்றைய நிதியியல் நூல்கள் விரித்துரைப்பவற்றின் சாரம் இதுவே. ஊராட்சிக்கும் இந்நான்கே பணிகள்.

ஊராட்சியின் வருவாய் இருவகைப்படும். வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்றவை ஊராட்சி தானே திரட்டும் சொந்த வருவாய். மத்திய, மாநில அரசுகளின் நிதி ஆணையங்கள் பரிந்துரைத்து வருபவை மானியங்கள். மானியம் பெரும்பாலும் தொகையிற் பெரியது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பதினைந்தாம் நிதி ஆணையம் 2021–22 முதல் 2025–26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்குமே உரியது. எஞ்சிய 40 பங்கை ஊரின் பிற தேவைகளுக்குச் செலவிடலாம். எனினும் அதிலிருந்து ஊதியம் கொடுத்தல் கூடாது. அன்றியும், ஊராட்சியின் கணக்குகள் பொதுமக்கள் காணுமாறு இணையத்தில் வெளியிடப்பட்டிருத்தல் வேண்டும் என்று அவ்வாணையம் விதித்தது. கணக்கில்லையேல் மானியமில்லை என்பதே இதன் பொருள்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொண்டவை. எந்த ஊரின் கணக்கும் அன்று.

ஓர் ஊராட்சியில் இவ்வாண்டின் வீட்டுவரிக் கேட்பு ரூ.1,20,000. முந்தைய ஆண்டுகளின் நிலுவை ரூ.60,000. இவ்வாண்டு வசூலானது ரூ.90,000. மன்றக் கூட்டத்திலே, "கேட்பு 1,20,000, வசூல் 90,000. ஆகவே நூற்றுக்கு 75 பங்கு வசூல் செய்துவிட்டோம்" என்று ஒருவர் அறிவிக்கிறார். அனைவரும் மகிழ்ந்து கலைந்து செல்கின்றனர். இது சரியா?

சரியன்று. ஊராட்சிக்கு வர வேண்டிய மொத்தத் தொகை, இவ்வாண்டுக் கேட்பும் பழைய நிலுவையும் சேர்ந்து ரூ.1,80,000. அதில் வந்தது பாதியே. ஆண்டின் தொடக்கத்தில் ரூ.60,000 ஆக இருந்த நிலுவை ஆண்டின் முடிவில் ரூ.90,000 ஆக வளர்ந்துவிட்டது. 75 என்னும் எண் பொய்யன்று. ஆனால் அது உண்மையின் ஒரு பாதியை மட்டுமே காட்டுகிறது. கேட்பு, வசூல், நிலுவை என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவரே வரிக்கணக்கைப் படித்தவராவார்.

ரொக்கப் புத்தகத்தைப் படிப்பதும் இதுபோன்றே எளிது. மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால், மாத முடிவின் இருப்பு வர வேண்டும். அந்த இருப்பை வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருப்பின் அஃது எதனால் என்று கேட்க வேண்டும். கொடுத்த காசோலை இன்னும் பணமாக்கப்படாமல் இருக்கலாம். அது முறையான காரணம். காரணம் சொல்ல முடியாத வேறுபாடு இருந்தால், அங்கே கவனம் தேவை. இத்தாலி நாட்டிலே 1494-இல் வெளிவந்த தமது கணித நூலிலே லூகா பச்சோலி என்னும் துறவி, வணிகர் வரவையும் செலவையும் இரட்டைப் பதிவாக எழுதும் முறையை விளக்கினார். அம்முறையின் நோக்கமும் இதுவே: ஒரு பக்கத்துத் தவற்றை மறுபக்கம் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: நிருவாகம்

பிரான்சு நாட்டிலே சுரங்கத் தொழிலை நடத்திய என்றி பயோல் என்பவர் 1916-இல் நிருவாகத்தின் பணிகளை ஐந்தாக வகுத்தார். திட்டமிடல், ஆளையும் பொருளையும் ஒழுங்குபடுத்தல், பணித்தல், ஒருங்கிணைத்தல், நடந்ததைத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதல் என்பன அவை. கல்லூரி மாணவர் முதலாண்டிலே படிக்கும் பாடம் இது. ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் உழவர் இதனைத் தம் வாழ்விலே அறிந்தவர். மழைக்கு முன் உழவை முடித்தல், விதையைக் கையிருப்பாக வைத்தல், களையெடுப்புக்கு ஆளை முன்கூட்டியே சொல்லிவைத்தல், சென்ற ஆண்டு உளுந்து ஏன் பொய்த்தது என்று ஆராய்தல் எல்லாம் நிருவாகமே. தம் காட்டில் இத்துணைக் கருத்தாக இருப்பவர், ஊராட்சிக் கூட்டத்தில் மட்டும் எல்லாவற்றையும் பிறர் பொறுப்பில் விட்டுவிடுவது முறையாகுமா?

ஊராட்சி நிருவாகத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றை இங்கே குறிப்பிடுகிறோம். ஒருமுறைச் செலவையும் தொடர்ச் செலவையும் வேறுபடுத்தாமை அது. உழவு மாடு வாங்குவது ஒருநாட் செலவு. அதற்குத் தீவனம் இடுவது ஆண்டு முழுவதுமான செலவு. தீவனத்துக்கு வழி பாராமல் மாடு வாங்குவோரை ஊரார் நகைப்பர். ஆனால் தொடர்ச் செலவுக்கு வழி பாராமல் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டுவோரை மாலையிட்டுப் பாராட்டுகிறோம்!

முன்சொன்ன எடுத்துக்காட்டு ஊரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே மானியத்தில் ஒரு தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் அமைகின்றன என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு மின்கட்டணம் மாதம் ரூ.3,000, இயக்குபவர் ஊதியம் ரூ.5,000, பழுது பார்க்கவும் தொட்டியைச் சுத்தம் செய்து குளோரின் இடவும் ரூ.1,000. ஆக மாதம் ரூ.9,000; ஆண்டுக்கு ரூ.1,08,000. அவ்வூரின் வரி வசூலோ ரூ.90,000. மானியத்தின் ஒரு பகுதி இதற்கு உதவலாம். எனினும் மானியம் தாமதமாகும் மாதங்களில் என்ன நேரும்? மோட்டார் பழுதானால் அப்படியே கிடக்கும். மாதம் இருமுறை சுத்தம் செய்யப்பட வேண்டிய தொட்டி பாசி படிந்து நிற்கும். ஊரின் கடைசித் தெருவிலுள்ள பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவர்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இவ்வாண்டின் கேட்பான ரூ.1,20,000 முழுவதும் வசூலாகியிருந்தால், பழைய நிலுவையைத் தொடாமலே தொட்டியின் ஓராண்டுச் செலவு அடைந்துவிடும், ரூ.12,000 மிச்சமும் இருக்கும். கடைசித் தெருவின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் நிலத்தடியில் மட்டும் இல்லை. நிலுவைப் பதிவேட்டிலும் இருக்கிறது என்பது இப்போது விளங்குகின்றதன்றோ? வரி கேட்டால் வாக்குப் போய்விடும் என்று எண்ணி வாளாவிருக்கும் உறுப்பினர், தம்மை அறியாமலே அக்குடங்களின் சுமையைக் கூட்டுகிறார்.

ஆதலின் எந்தப் புதிய வேலைக்கும் தீர்மானம் நிறைவேற்றுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதைக் கட்ட எவ்வளவு ஆகும்? இதை நடத்த ஆண்டுதோறும் எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எந்த வருவாயிலிருந்து வரும்? மூன்றாம் வினாவுக்கு விடையில்லாத திட்டம், விதையின்றி உழுத நிலத்தை ஒக்கும்.

மூன்றாம் பாடம்: அரசியல்

அரசியல் என்றால் கட்சிச் சண்டை என்று கருதுவோர் உளர். ஊரின் பொதுப் பொருளை யார், எம்முறையில், யாருக்குப் பொறுப்பாக இருந்து ஆள்வது என்பதே அரசியல் என்னும் கல்வியின் மூலக் கேள்வி. இக்கேள்விக்கு நமது தமிழகத்திலேயே மிகப் பழைய விடை ஒன்று கல்லில் எழுதப்பட்டுக் கிடைக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலே முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலிட்டு, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம், பொன்னின் தரத்தைப் பார்க்கப் பொன் வாரியம் என்று பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. பதவிக்காலம் ஓராண்டே. இவை அனைத்தினும் சிறந்த விதி ஒன்றுண்டு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பதே அது. கணக்கில்லையேல் பதவியில்லை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே எழுதிவைத்தனர் நம் முன்னோர்.

ஆயினும் பழமையைப் புகழும்போது முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அச்சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. அந்த ஓலையை அனைவர்க்கும் அளித்தது நமது குடியரசின் சட்டமே. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பிலே இடமளித்தது. பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ப இடங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களையும் ஒதுக்கியது. அதனையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. 2016-இல் பெண்களுக்குரிய பங்கு தமிழகத்தில் பாதியாக உயர்த்தப்பட்டது.

இவ்வுரிமை எளிதாக வந்துவிடவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் இனத்தார்க்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே தேர்தல் முறையாக நடைபெற முடியாது போயிற்று. 2006-ஆம் ஆண்டிலேதான் அக்குறை நீங்கியது. இவ்வளவு இடர்ப்பட்டு வந்த நாற்காலியிலே அமர்ந்த பின்னும், ஒரு பெண் உறுப்பினருக்காக அவர் கணவர் பேசுவதும், தலைவருக்காக மற்றொருவர் புத்தகத்தை வைத்திருப்பதும் நாம் காணாதவை அல்ல. சட்டம் நாற்காலியைத் தரும். கணக்கைப் படிக்கும் அறிவுதான் குரலைத் தரும்.

ஊராட்சியின் அரசியல் நடைபெறும் பேரவை கிராம சபையாகும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழகத்தில் குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களில் நடைபெற்றுவந்த கிராம சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுமாறு அறிவிக்கப்பட்டது. ஊரின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் அளிப்பதும், நடைபெறும் வேலைகளை ஆராய்வதும் சட்டப்படி அதன் பணிகள். தணிக்கை அறிக்கையைப் படித்துக் காட்டுங்கள் என்று எழுந்து கேட்பது எவரையும் பகைப்பதாகாது. சட்டம் தந்த கடமையை ஆற்றுவதேயாகும். நேர்மையான தலைவருக்கு அவ்வினா பாதுகாப்பும் ஆகும். கேட்காத ஊரிலே நல்லவர் மீதும் ஐயம் எழும். கேட்டு விடை பெற்ற ஊரிலே வதந்திக்கு இடமில்லை.

நான்காம் பாடம்: பயிலும் முறை

"இவற்றையெல்லாம் படிக்க எமக்குக் கல்வியும் நேரமும் ஏது?" என்று உறுப்பினர் சிலர் கேட்கக்கூடும். பயிலுதலுக்கும் முறை உண்டு. அம்முறை தெரிந்தால் சிறு நேரமே போதும்.

எர்மன் எபிங்கௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மனிதர் படித்ததை எவ்வளவு விரைவில் மறக்கின்றனர் என்பதை 1885-இல் வெளியிட்டார். புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பயின்றால் நிலைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே நாளில் பெய்து ஓடிவிடும் மழையைவிட, விட்டுவிட்டுப் பெய்யும் மழையே கரிசலில் ஊறும் என்பதை அறிந்த உழவர்க்கு இது புதுமையன்று. ஆகவே கீழ்க்கண்ட முறையைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவதாக, வாரம் ஒரு பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. இரண்டாம் வாரம் ரொக்கப் புத்தகம். மூன்றாம் வாரம் தீர்மானப் புத்தகம். நான்காம் வாரம் வேலைகளின் மதிப்பீடும் அளவும்.

இரண்டாவதாக, தனியே படியாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கலாம். எழுத்தறியாத உறுப்பினரும் இவ்வாறு எல்லாவற்றையும் அறியலாம். கல்லூரியில் பயிலும் ஊர்ப் பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொண்டால், மத்திய அரசு 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய இ-கிராம் சுவராஜ் தளத்திலே உங்கள் ஊராட்சியின் வரவு செலவையும் பார்த்துச் சொல்வார். பிள்ளைக்கும் அது பாடமாகும்.

மூன்றாவதாக, படித்து முடித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருப்பதைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடமே நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய இடம். சில நாட்கள் கழித்து அதையே அண்டை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லுங்கள். பிறருக்கு விளக்கும்போதுதான் நமது அறிவின் ஓட்டைகள் நமக்குத் தெரியும்.

நான்காவதாக, ஒவ்வொரு கூட்டத்திற்கு முன்னும் ஒரு வினாவை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடையையும் எழுதிக்கொண்டு திரும்புங்கள். ஆண்டு முடிவில் அந்தச் சிறு குறிப்பேடு உங்கள் ஊரின் வரலாறாகிவிடும்.

ஐந்தாவது, எக்காரணம் கொண்டும் வெற்றுத் தாளிலோ, எழுதப்படாத தீர்மானப் பக்கத்திலோ கையொப்பம் இடாதீர்கள். பின்னர் அங்கே எழுதப்படுவதற்கெல்லாம் நீங்களே பொறுப்பாவீர்கள்.

முடிவுரை

காந்தியடிகளின் கிராமக் கல்விக் கொள்கையைப் பின்பற்றி டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. கல்லூரியைக் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நாம் இங்கே சொல்ல விரும்புவது அதன் மறுபாதி. கிராமத்திலே ஏற்கெனவே ஒரு கல்லூரி இருக்கிறது. ஊராட்சி அலுவலகமே அது. பதிவேடுகளே அதன் பாடநூல்கள். கிராம சபையே அதன் தேர்வுக்கூடம். குழாயிலே தண்ணீர் வருகிறதா என்பதே அதன் தேர்ச்சி முடிவு.

சத்திரத்திலே உண்டவர் கணக்கு எழுதவில்லை. அவர்கள் பசியாறியது யாரோ ஒருவர் எழுதியதால். ஊராட்சியிலோ உண்பவரும் நாமே, எழுதுபவரும் நாமே. ஆகவே அடுத்த கூட்டத்துக்குச் செல்லுமுன் பதிவேட்டின் ஒரு பக்கத்தையேனும் படித்துச் செல்வோமாக.

கூடிச் சிந்திப்பதற்குரிய வினாக்கள்

1. நமது ஊராட்சியில் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த வரி நிலுவை எவ்வளவு? இப்போது எவ்வளவு? கூடியதா, குறைந்ததா?

2. நமது ஊரின் குடிநீர் ஏற்பாட்டை ஓராண்டு நடத்த ஆகும் செலவு என்ன? அத்தொகை எந்த வருவாயிலிருந்து வருகிறது?

3. சென்ற கிராம சபையில் நிறைவேறிய தீர்மானங்களில் முடிந்தவை எவை, முடியாதவை எவை? முடியாமைக்குக் காரணம் பணமா, ஆளா, கவனக்குறைவா?

4. கடைசியாக வந்த தணிக்கை அறிக்கையிலுள்ள குறிப்புகளுக்கு விடை அனுப்பப்பட்டதா?

5. நமது வார்டில் குழாய்த் தண்ணீர் கடைசியாகச் சென்று சேரும் வீடு எது? அவ்வீட்டார் இதுவரை கிராம சபையில் பேசியதுண்டா?